கரண்ட் விற்கும் கவுன்சில்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் எங்கள் வீட்டுத் தபால்பெட்டிக்கு அவ்வப்போது கவுன்சிலிலிருந்து வழவழப்பான ஒரு செய்திமடல் வரும். பூங்காவில் புது ஊஞ்சல், நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை நேரம், நாய்க்கு லைசன்ஸ் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள், இந்த ரகம். தபால்பெட்டிக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவே உள்ள பத்தடி தூரத்தில் அட்டைப்படத்தை மட்டும் பார்ப்பேன். அத்தோடு சரி. எங்கள் மேயர் யார் என்று இத்தனை வருடத்தில் தெரிந்துகொண்டதில்லை. தெரியாததால் ஒரு குறையும் வந்ததில்லை.

2022 ஜூலையில் கூபர் பீடிக்குப் போய் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தபிறகுதான் அந்தச் செய்திமடலை நின்று படிக்கும் பழக்கம் வந்தது.

கல்லூரித் தோழி ஒருத்தி நர்ஸ். அதற்கு முந்தைய செப்டம்பரில் ஒரு வருட ஒப்பந்தத்தில் அங்கே வேலைக்குப் போயிருந்தாள். "பாலைவனத்துல பூமிக்கு அடியில குடியிருக்கேன், வந்து பாருடி" என்று மாதம் ஒருமுறை கூப்பிடுவாள். அடிலெய்டிலிருந்து வடக்கே 846 கிலோமீட்டர். போர்ட் அகஸ்டா தாண்டியதும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் நம்மைத் தவிர லாரிகளும் கழுகுகளும்தான். கிளென்டாம்போவில் பெட்ரோல் போடாவிட்டால் அடுத்த பங்க் 254 கிலோமீட்டருக்கு அப்பால், கூபர் பீடியிலேயேதான். இதைச் சொல்வதற்காக மட்டும் அவள் மூன்று தடவை போன் பண்ணினாள்.

ஊர் வருவதற்கு வெகுமுன்பே சாலையின் இருபுறமும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக மண்குவியல்கள் தொடங்கிவிடுகின்றன. யாரோ ராட்சதச் சல்லடையில் சலித்துக் கொட்டியதுபோல, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும். ஒவ்வொரு குவியலுக்கும் பக்கத்தில் ஓர் ஆள் விழும் அளவுக்குக் குழி. ஓப்பல் என்ற ரத்தினக்கல்லைத் தேடித் தோண்டியவை, மூடாமல் விட்டவை. ஓடாதே, பின்பக்கமாக நடக்காதே என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். பின்பக்கமாக யார் நடப்பார்கள் என்று சிரித்துக்கொண்டே, தோழியைப் போட்டோ எடுக்க இரண்டடி பின்னால் போனேன். அவள் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

1915 பிப்ரவரியில் தங்கம் தேடி வந்த ஒரு கூட்டத்தில் இருந்த வில்லி ஹட்சிசன் என்ற பதினாலு வயதுப் பையன் கையில் ஓப்பல் கிடைத்ததில் தொடங்கிய ஊர் இது. பழங்குடி மக்களின் சொல்லிலிருந்து வந்த 'கூபர் பீடி' என்ற பெயருக்கு வெள்ளைக்காரன் குழி என்று பொருள் சொல்வார்கள். வெயில் 45 டிகிரியைத் தாண்டும் கோடைக்குப் பயந்து குன்றைக் குடைந்து வீடு கட்டிக்கொண்டார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கிரேக்கர்கள், செர்பியர்கள், குரோவேசியர்கள், இத்தாலியர்கள் என்று தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். அவர்களுடைய கோயில்கள்கூடப் பூமிக்கு அடியில்தான்.

தோழி தங்கியிருந்தது ஒரு கிரேக்கப் பாட்டியின் குகைவீட்டில், வாடகை அறை. டக்அவுட் என்பார்கள். சுவரில் சுரங்க எந்திரம் குடைந்த வட்ட வட்டத் தடங்கள் சந்தனம் பூசி விரலால் கோடு இழுத்ததுபோல அப்படியே இருக்கின்றன. வெளியே குளிர்காற்று கத்தியாகக் குத்த, உள்ளே ஸ்வெட்டரும் வேண்டாம், மின்விசிறியும் வேண்டாம். வருடம் முழுக்க இருபத்துச் சொச்சம் டிகிரி. ஜன்னல் கிடையாது. கூரையிலிருந்து மேலே போகும் ஒரு குழாய் வழியாகத்தான் காற்று. ராத்திரி விளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்பதே தெரியாத இருட்டு. கிணற்றுக்குள் தூங்குவதுபோல. முதல் ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் மூன்று பேரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். இருவரின் போனும் ஒரே நேரத்தில் கீச்சிட்டன. இரண்டு பேரும் டம்ளரை வைத்துவிட்டுப் போனை எடுத்தார்கள். பாட்டி கண்ணாடி தேடிப் போட்டுக்கொண்டு, உதடு அசைய, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். வியாழக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் தெருப்பக்கம் மின்தடை. படித்துவிட்டுப் பாட்டி எழுந்துபோய் அலமாரியிலிருந்து இரண்டு டார்ச்சை எடுத்து, எரிகிறதா என்று பார்த்து, கதவோரம் வைத்தார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமைதான்.

"யார் அனுப்பினது?" என்றேன்.

"கவுன்சில்."

"கரண்ட் கட்டுக்குக் கவுன்சில் எதுக்குடி மெசேஜ் அனுப்புது?"

"கவுன்சில்தானே கரண்ட் விக்குது" என்றாள், இது தெரியாதா என்கிற முகத்தோடு.

எனக்கு நிஜமாகவே தெரியாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் பொதுவாக நாம் பார்க்கிற கவுன்சிலின் வேலை குப்பை, உள்ளூர்ச் சாலை, நூலகம், நாய், பூங்கா. மின்சாரத்துக்கு மின் கம்பெனி, தண்ணீருக்கு மாநிலத்தின் தண்ணீர்க் கழகம். ஆனால் மாநிலத்தின் மின்கம்பி வலைப்பின்னல் கூபர் பீடி வரைக்கும் வருவதில்லை. அதனால் ஊரே தனக்கு மின்சாரத்தை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். நான் போன அந்த வருடத்தில் மின்சாரம், தண்ணீர் இரண்டுமே கவுன்சிலின் வியாபாரம். குப்பைக்கும் வீட்டு வரிக்கும் பில் போடுகிற அதே ஆபீஸ்தான் இவற்றுக்கும் பில் போட்டது.

தண்ணீர் கதை இன்னும் சுவாரசியம். ஊரிலிருந்து சுமார் 24 கிலோமீட்டர் தள்ளி ஆழ்துளைக் கிணறு. அந்தத் தண்ணீர் உப்பு. அதைக் குழாயில் ஊருக்குக் கொண்டுவந்து, சவ்வூடு பரவல் முறையில் உப்பெடுத்து, அப்புறம் வீடுகளுக்கு விடுகிறார்கள். நம் வீட்டு ஆர்.ஓ. எந்திரம்தான், ஒரு ஊருக்கே ஆனது. ஒரு காலத்தில் ஒட்டகத்தில் வந்தது, பிறகு லாரியில் வந்தது. 1960களில் வெயிலை வைத்தே உப்புநீரைக் காய்ச்சி வடித்துப் பார்த்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஐந்தாறு அங்குலம் பெய்தாலே பெரிய மழை என்கிற இடம்.

ஊர் எல்லையில் காசு போட்டால் தண்ணீர் கொடுக்கும் ஒரு குழாய் இருக்கிறது. கேரவனில் ஊர் சுற்றுகிறவர்களுக்காக. அப்போது 20 சென்ட் போட்டால் 30 லிட்டர். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் தன் வண்டியின் தொட்டி நிரம்பியதும், குழாய் முனையில் மிச்சமிருந்த தண்ணீரைக் கீழே விடாமல் நாயின் கிண்ணத்தில் பிடித்தார். கிண்ணமும் நிரம்பியது. அதற்கும் மேல் வந்த நாலு சொட்டைப் பிடரியில் தடவிக்கொண்டார். கோடம்பாக்கத்தில் குடத்தோடு லாரிக்கு நின்று வளர்ந்தவள் நான், இந்தச் சிக்கனம் எனக்குப் புரியும்.

சரி, இவ்வளவையும் செய்துவந்த கவுன்சில் எவ்வளவு பெரியது? ஊரில் சுமார் ஆயிரத்து ஐந்நூறு பேர். மயிலாப்பூரில் ஒரு பெரிய கல்யாணத்துக்கு வருகிற கூட்டம். கவுன்சிலின் எல்லை 78 சதுர கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அதைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் கவுன்சிலே இல்லாத நிலம். தெற்கு ஆஸ்திரேலியாவின் பரப்பில் பாதிக்கும் மேல் எந்தக் கவுன்சிலுக்குள்ளும் அடங்காது. அங்கேயுள்ள சின்னச் சின்னக் குடியிருப்புகளை மாநில அரசின் ஓர் ஆணையம்தான் கவனிக்கிறது. ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த ஓப்பல் வயல்களில் பெரும்பகுதி அந்த 78 சதுர கிலோமீட்டருக்கு வெளியே. ஆக, கல் வெளியே கிடைக்கிறது, தோண்டுகிறவரின் வீட்டுக் குழாய் உள்ளே கசிகிறது. கசிவை அடைக்கும் செலவு அப்போது ஊருடையது.

இங்கேதான் கவுன்சில் சிக்கலில் மாட்டிய கதை வருகிறது. ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத் தம் போக்கில் சொல்வார்கள். நான் பொதுவெளியில் உள்ளதை மட்டும் சொல்கிறேன்.

முன்பு ஊரின் மின்சாரம் முழுக்க டீசலில். டீசல் விலை ஏறினால் ஊரே தலையில் கை வைக்கும். 2017இல் காற்றாலை இரண்டு, சேர்த்து 4 மெகாவாட், 1 மெகாவாட் சூரியத் தகடுகள், பேட்டரி என்று ஒரு கலப்பு மின்நிலையம் வந்தது. மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை 1 கோடியே 84 லட்சம் டாலர் கொடுத்தது. ஊரின் தேவையில் 70 சதவீதத்தைக் காற்றும் வெயிலும் தரவேண்டும் என்பது இலக்கு. காற்று நன்றாக அடிக்கிற நாட்களில் டீசல் எந்திரம் முழுசாக ஓய்ந்து கிடக்கும். சாயங்காலம் ஊருக்கு வெளியே நின்று பார்த்தால், ஒரு மரம்கூட இல்லாத அந்தச் சமவெளியில் அந்த இரண்டு காற்றாலைகளும் சுற்றுவது அழகாகத்தான் இருக்கிறது.

சிக்கல் எந்திரத்தில் இல்லை, காகிதத்தில். அந்த மின்சாரத்தை வாங்க கவுன்சில் போட்ட 20 வருட ஒப்பந்தம் முறைப்படி டெண்டருக்குப் போகாமல் போடப்பட்டது என்று அரசு அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் மாநில ஆம்பட்ஸ்மேன் 2018இல் கண்டித்தார். ஏற்கெனவே கடன். 2019 ஜனவரியில் மாநில அரசு தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலை இடைநீக்கம் செய்துவிட்டு, டிம் ஜாக்சன் என்பவரை நிர்வாகியாகப் போட்டது. நான் போனபோதும் மேயரும் இல்லை, உறுப்பினர்களும் இல்லை. கூட்டம் என்று ஒன்று நடக்கும். முன்மொழிவதும் வழிமொழிவதும் ஒப்புவதும் ஒருவரே.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புதிதில்லை. 2016இல் பதவிக்காலம் முடிந்தபிறகு உள்ளாட்சித் தேர்தலே நடத்தாமல் 'தனி அலுவலர்' என்ற பெயரில் அதிகாரிகள் வருடக்கணக்கில் ஓட்டினார்கள். சென்னை மாநகராட்சிக்குத் தேர்தல் வர 2022 பிப்ரவரி ஆனது. அதனால் தோழி இந்தக் கதையைச் சொன்னதும் என் வாயில் தன்னால் வந்த சொல் அதுதான். "ஓ, தனி அலுவலர் ஆட்சியா!" அவளும் சிரித்துவிட்டாள். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே தேர்தல் நடக்காததே காரணம், இங்கே தேர்ந்தெடுத்ததை நிறுத்திவைத்தார்கள்.

கூபர் பீடிக்குத் தெற்கே ரொக்ஸ்பி டவுன்ஸ் என்று ஒரு சுரங்க நகரம். 1982இல் மாநில அரசும் சுரங்கக் கம்பெனியும் போட்ட ஒப்பந்தப்படி உருவானது. அங்கே தொடக்கத்திலிருந்தே நிர்வாகிதான், தேர்ந்தெடுத்த கவுன்சில் இருந்ததே இல்லை. பாலைவனத்தில் ஜனநாயகத்தை ஒரு சொகுசாக நினைக்கிறார்களோ என்று எனக்குத் தோன்றியது. கொஞ்சம் கடுமையான எண்ணம்தான், ஆனால் தோன்றியது.

ஊர்க்காரர்கள் அப்படி ஒரே குரலில் பேசவில்லை. கிரேக்கப் பாட்டி நிர்வாகியின் பக்கம். "முன்னாடி கூட்டத்துக்குப் போனா சண்டையைத்தான் பார்க்கணும். இப்போ கணக்காவது தெரியுது" என்றார். அவருடைய வீட்டுக்கு எதிர்க்குன்றில் இருக்கிற ஒரு பழைய செர்பியச் சுரங்கக்காரர், எழுபதைத் தாண்டியவர், ஒரு சாயங்காலம் பேச்சுவாக்கில் சொன்னார்: "நான் ஓட்டுப் போட்ட ஆளு தப்புப் பண்ணினா, கடையில பார்க்கும்போது திட்டலாம். அடுத்த தடவை ஓட்டுப் போட மாட்டேன். இவரைத் திட்டி என்ன பிரயோஜனம்? இவரு எனக்காக வேலை செய்யலையே." பாட்டி அவருக்குப் பதில் சொல்லாமல் இன்னொரு துண்டு கேக் வைத்தார். இருவரும் நாற்பது வருடமாக இதே மாதிரி வாதாடுகிறார்களாம்.

நான் செர்பியர் பக்கம். ஒப்பந்தம் போட்ட விதம் தவறு, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆயிரத்து ஐந்நூறு பேர் உள்ள ஓர் ஊர், பெரிய நகரங்களே தனித்தனிக் கம்பெனிகளிடம் விட்டுவிட்ட மின்சாரத்தையும் தண்ணீரையும் தன் தலையில் தூக்கிச் சுமக்கும்போது, அந்தக் கணக்கு நேராக நிற்கும் என்று எதிர்பார்த்ததுதான் முதல் தவறு. இப்படித் தொலைவில் உள்ள ஊர்களில் மின்சாரத்தின் விலை அடிலெய்டைவிட ரொம்ப ஏறிவிடாமல் இருக்க மாநில அரசு மானியம் கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் பழைய குழாய், நீளமான கம்பி, பழுதுபார்க்க ஆள் வேண்டுமென்றால் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரவேண்டிய நிலை, இதற்கெல்லாம் கவுன்சிலர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. மேயரை வீட்டுக்கு அனுப்பினாலும் கிணறு அதே 24 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கும்.

சூப்பர்மார்க்கெட் வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை. பால் வாங்கப் போனவள் அரை மணி நேரம் அதன் முன்னால் நின்றுவிட்டேன். குப்பைக்கிடங்கு திறக்கும் நேரம். காணாமல் போன நீலக்கண் நாய். நடந்து முடிந்த ஓப்பல் திருவிழாவின் போஸ்டர், ஒரு மூலை கிழிந்து. சனிக்கிழமை டிரைவ்-இன் தியேட்டரில் படம். 1965இல் தொடங்கிய தியேட்டர், இப்போது ஊர்க்காரர்களே சம்பளமில்லாமல் நடத்துகிறார்கள். உள்ளே வெடிமருந்து கொண்டுவராதீர்கள் என்று திரையிலேயே போடுவார்கள். நகைச்சுவைக்காகத் தொடங்கியதல்ல, சுரங்கக்காரர்கள் நிஜமாகவே காரில் வைத்திருப்பார்கள். புல்லே இல்லாத கோல்ஃப் மைதானத்துக்கு உறுப்பினர் சேர்க்கை. பந்தை வைத்து அடிக்க ஆளுக்கொரு துண்டுப் புல்விரிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டும். இவற்றுக்கெல்லாம் நடுவே, நாலு ஆணி அடித்து, கவுன்சிலின் கூட்ட அறிவிப்பு. ஆணிகளின் தலையில் சிவப்புத் தூசி படிந்திருந்தது. அந்தத் தாளில் மட்டும் தூசி இல்லை. புதிதாகவோ, பலபேர் தொட்டோ.

அதே கடையின் அலமாரிகள் அந்த வருடம் ஜனவரிக் கடைசியில் காலியாகிக் கிடந்ததைத் தோழி பார்த்திருக்கிறாள். வருடக்கணக்கில் பெய்யாத மழை சில நாளில் கொட்டி, தெற்கே கிளென்டாம்போ பக்கம் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை தண்ணீருக்குள் போய்விட்டது. ரயில் தண்டவாளமும் பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது. அடிலெய்டிலிருந்து லாரி வரவில்லை. முதலில் ரொட்டி, அப்புறம் பால், அப்புறம் காய்கறி. கடைசியில் விமானப்படையின் ஹெர்குலிஸ் விமானம் சுமார் 20 டன் சாப்பாட்டுச் சாமானோடு வந்திறங்கியது. "அந்த ரெண்டு வாரம் கவுன்சில் நியூஸ்தான் எங்களுக்கு எட்டு மணி நியூஸ்" என்றாள். எந்தப் பாதை திறந்திருக்கிறது, விமானம் என்றைக்கு. ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து வெளியே வந்ததும் ஒருவரையொருவர் கேட்கிற முதல் கேள்வி அதுதானாம்.

இந்த ஊருக்குக் குரல் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1990களில், இந்தப் பாலைவனத்தில் அணுக்கழிவுக் கிடங்கு கட்ட மத்திய அரசு திட்டம் போட்டபோது, கூபர் பீடியைச் சேர்ந்த பழங்குடி மூதாட்டிகள் 'கூப்பா பீட்டி குங்கா ஜுட்டா' என்ற பெயரில் திரண்டார்கள். 1950களில் அணுகுண்டுச் சோதனை நடந்த மண்ணின் வாசம் தெரிந்தவர்கள். அவர்களில் ஐலீன் கம்பகுட்டா பிரவுனும் ஐலீன் வானி விங்ஃபீல்டும் 2003இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு பெற்றார்கள். 2004இல் அரசு திட்டத்தைக் கைவிட்டது. பழங்குடிக் குடியிருப்பின் பெயர் உமூனா. நீண்ட ஆயுள் என்று அர்த்தம், முல்கா மரத்துக்கும் அதுதான் பெயராம். மத்திய அரசையே திருப்பி அனுப்பியவர்கள் இருக்கும் ஊரில், குழாய்க் கசிவைப் பற்றி முடிவெடுக்க ஊர்க்காரர் ஒருவர்கூட மேசையில் இல்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சொல்லிவைத்தாற்போல கரண்ட் போனது. இருட்டு என்றால் அப்படி ஓர் இருட்டு. பாட்டி டார்ச்சை மேசைமேல் நிமிர்த்தி வைத்தார். வெளிச்சம் கூரையில் வட்டமாக விழ, அதன் கீழே உட்கார்ந்து மூவரும் சீட்டு விளையாடினோம். பதினொன்றே முக்காலுக்கே வந்துவிட்டது. "கால் மணி நேரம் முன்னாடி" என்று பாட்டி கடிகாரத்தைப் பார்த்துச் சொன்ன தொனியில் ஒரு பாராட்டு இருந்தது.

அந்த வருடம் நவம்பரில் மாநிலம் முழுக்க கவுன்சில் தேர்தல் நடந்தது. கூபர் பீடியில் நடக்கவில்லை. எங்கள் பகுதிக்கு வழக்கம்போல ஓட்டுச்சீட்டு தபாலில் வந்தது. கவுன்சில் தேர்தலில் இங்கே கட்டாய ஓட்டு இல்லை, அதனால் முன்பெல்லாம் அந்த உறையும் செய்திமடலின் வழியிலேயே போய்விடும். இந்தத் தடவை சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, யார் யார் நிற்கிறார்கள், என்ன செய்வதாகச் சொல்கிறார்கள் என்று ஒன்றுவிடாமல் படித்தேன். ஒருவர் ஊஞ்சல்களைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தார். அவருக்குப் போடவில்லை.

தோழி செப்டம்பரிலேயே ஒப்பந்தம் முடிந்து அடிலெய்டுக்கு வந்துவிட்டாள். கூபர் பீடியின் அறிவிப்புப் பட்டியலிலிருந்து தன் நம்பரை இன்னும் எடுக்கவில்லை. போன மாதம் எங்கள் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் போன் கீச்சிட்டது. நாளைக் காலை மின்தடை, அந்தப் பாட்டியின் தெருவில். படித்துவிட்டு, எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு, போனைச் சார்ஜில் போட்டாள்.

"அடியே, அது இங்க இல்லடி" என்றேன்.

"தெரியும்" என்றாள். ஆனால் போனை எடுக்கவில்லை. அப்புறம் அதே போனில் ஸ்பீக்கரைப் போட்டு, பாட்டியைக் கூப்பிட்டு, டார்ச் எடுத்து வைத்தாச்சா என்று கேட்டாள். அவர் நேற்றே எடுத்து வைத்துவிட்டாராம்.